ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருந்தது

மீட்டரில் மின்தடை மூன்று ஓம் என்று வந்து நின்றது. நான் முனைகளை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் மூன்று. என் உள்ளங்கையில் இருந்தது ஒரு டீசல் காரின் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உலோகத் துண்டு, தலையில் கரண்ட் வருவதற்கு இரண்டு பின். கெட்டுவிட்டது என்று சொல்லி எட்டு நாள் முன்பு நானே என் சகலையின் காரிலிருந்து கழற்றியது. கெட்ட ரெகுலேட்டர் என்றால் மீட்டர் ஒன்றும் காட்டாது, அல்லது கண்டபடி காட்டும். மூன்று ஓம் என்பது கடையிலிருந்து வந்த புதுச் சரக்கு காட்டுகிற அளவு. அப்போது நான் புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு கேரேஜில் சீனியர் மெக்கானிக். சனிக்கிழமை, மணி பதினொன்றரை. அதே நேரத்தில் அதே காரில் என் மனைவி, மகள், மாமனார், மாமியார் எல்லோரும் சகலை குடும்பத்தோடு மஹாபலேஷ்வர் போய்க்கொண்டிருந்தார்கள்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். இப்போது அவர் வேலையை மாற்றிக்கொண்டு சொந்த ஊரான கோயம்புத்தூருக்கே போய்விட்டார். நானும் நிக்டியில் தனியாகக் கடை போட்டுவிட்டேன். மாதம் ஒரு முறை போனில் பேசிக்கொள்கிறோம், பிள்ளைகள் படிப்பு, மழை, கார் விலை என்று. ஆனால் புனேயில் அவர் இருந்த வருடங்களில் அவரை நினைக்காமல் எனக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. பாசத்தில் அல்ல. வயிற்றெரிச்சலில். அதை இப்போது எழுதும்போதுகூட மறைக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் மறைத்தால் இந்தக் கதையில் நான் செய்தது எதற்கும் காரணம் இருக்காது.

என் மாமனார் எனக்குச் சொந்தத் தாய்மாமன், அம்மாவின் தம்பி. தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் அவருடையதும் அடுத்தடுத்த வீடு. டவுசர் போட்ட நாளிலிருந்து நான் அவர் வீட்டில்தான் கிடந்தேன், அதனால் எனக்கு அங்கே எப்போதும் "வாடா" தான். அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. கல்யாண மேடையிலேயே, மாலை சரியாக விழவில்லை என்று, "குனிடா, ஒட்டகம் மாதிரி நிக்கிற" என்றார். ஊரே சிரித்தது. எனக்கும் அன்றைக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்து இரண்டாவது மாப்பிள்ளை வந்தபோதுதான் தெரிந்தது. அவர் சாஃப்ட்வேர், பாணேரில் ஒன்பதாவது மாடியில் வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா எழுந்து நின்றுவிட்டார். "வாங்க மாப்ள, உக்காருங்க, ஃபேனாண்ட வாங்க" என்றார். நான் ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். "நகுருடா" என்றார் என்னைப் பார்த்து.

அந்த ஒரு "ங்க" எனக்குள் போய் முள்ளாகத் தைத்துவிட்டது. அதுவரை கணக்கில் எடுக்காத சின்னச் சின்ன விஷயமெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. கறிக்குழம்பில் ஈரல் துண்டு முன்பு எனக்கு வரும், இப்போது அவர் தட்டுக்குப் போனது. அவருக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், எனக்குக் குடத்தைக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரரிடம் "ஹே மாஜே ஜாவயி" என்று மாமா அவரைத்தான் மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்துவார். நான் பக்கத்திலேயே நிற்பேன். சகலையிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கர்வம் கிடையாது, குடி கிடையாது, தெருநாயிடம்கூட "போங்க சாமி" என்று சொல்கிற கோயம்புத்தூர் மரியாதை. என் மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பின்னக் கணக்கு மண்டையில் ஏறியது. மனசுக்குள் அவரை "அவன்" என்பேன், வாய் திறந்தால் "அவர்" என்றுதான் வரும். இதற்கும் அவர் மேல்தான் கோபம்.

எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. வண்டி. ஸ்கூட்டரோ காரோ, வண்டி என்று பேச்சு வந்தால் மாமா என் முகத்தைத்தான் பார்ப்பார். "அவன் சொன்னா சரியா இருக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அங்கே தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதுவும் போனால் அந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சகலையின் ஏழு சீட்டுக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. முதல் தடவை கண்டாலா ஏற்றத்தில், இரண்டாவது தடவை காத்ரஜ் ஏற்றத்தில். எஞ்சின் விளக்கு எரியும், வண்டி செத்துவிடும், பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஒரு வெள்ளிக்கிழமை அவரே கேரேஜுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஸ்கேனரை மாட்டினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு நீள வரி வந்தது. எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் கட்டுப்பாட்டு சர்க்யூட்டில் பழுது என்பது அதன் அர்த்தம். எங்கள் பிம்ப்ரி கேரேஜ்களில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "ரெகுலேட்டர் கா கோட் ஆயா" என்போம், ரெகுலேட்டரின் பழுதுக் குறி வந்துவிட்டது என்று, அவ்வளவுதான். கடைசியில் இருக்கும் சர்க்யூட் என்ற சொல்லை வாய் விழுங்கிவிடும். வாய் விழுங்கினால் நாளடைவில் கண்ணும் விழுங்கிவிடும். உண்மையில் விஷயமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. எஞ்சினுக்கு டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போக வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் இரண்டு வயர் வழியாக ரெகுலேட்டருக்குச் சொல்லி அனுப்புகிறது. ரெகுலேட்டர் கெட்டாலும் வண்டி நிற்கும், போகிற வழியில் வயர் அறுந்தாலும் வண்டி நிற்கும். சர்க்யூட் என்றால் அந்த வழி முழுவதும்.

சகலை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். "ஏனுங் சகலை, இதுல சர்க்யூட்னு போட்டிருக்குதுங்களே. அப்ப வயர்லகூட இருக்கலாமுங்களா? ஏத்தத்துல மட்டும்தானுங்க நிக்குது" என்றார்.

சரியான கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் முதுகில் தட்டி, நம்ம லைனுக்கு வந்துடுங்க என்று சொல்லியிருப்பேன். கேட்டது அவர். ஈரலும் ஃபேனும் போதாதென்று இங்கேயும் வந்துவிட்டாரா என்று எனக்குச் சுருக்கென்றது. "உங்க ஆபீஸ்ல வந்து உங்க கம்ப்யூட்டர்ல நான் கை வெக்கிறனா சகலை?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. கேரேஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அதுவுஞ் சரிதானுங்க" என்று ஒதுங்கி நின்றார். அதற்குப் பிறகு நான் குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். சாக்கெட்டைக் கழற்றி ரெகுலேட்டரை அளந்து, வயரைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எத்தனையோ முகம் தெரியாத ஆட்களின் வண்டிக்கு அதைச் செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்யவில்லை. புது ரெகுலேட்டர் வரவழைத்து மாட்டினேன், ஸ்கேனரில் அந்தப் பழுதுக் குறியை அழித்தேன், நிக்டி வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெயாகப் போனது. நிக்டி ரோட்டில் ஏற்றமே கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்க நான் விடவில்லை.

பழைய ரெகுலேட்டரைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தேன். அவர்கள் மஹாபலேஷ்வர் போய் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில், சாப்பாட்டுக்கு முன்பு, மாமா பார்க்க அதைச் சகலை கையில் கொடுத்து, "இதான் நீங்க சொன்ன சர்க்யூட்" என்று சொல்ல வேண்டும் என்று திட்டம். வெறுமனே கொடுத்தால் எடுபடாது, மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிக் கொடுத்தால் சாஃப்ட்வேர்க்காரர் வாயைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை அதை அளந்தேன். பாதுகாப்புக்காக அளந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பொய். மஹாபலேஷ்வருக்கு என்னையும்தான் கூப்பிட்டார்கள். லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

மூன்று ஓம். பேட்டரியிலிருந்து ஒரு கணம் கரண்ட் கொடுத்தேன். டிக் என்று வால்வு வேலை செய்தது. ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் பழுது இன்னும் காரிலேயே இருக்கிறது. வண்டி இதுவரை நின்றது இரண்டு தடவை, இரண்டும் ஏற்றத்தில், இன்றைக்குப் போகிற வழியில் இருப்பதோ கம்பாட்கி காட் என்கிற மலைப்பாதை. அதற்கு மேல் பாஞ்ச்கனி ஏற்றம். வளைவில் எஞ்சின் செத்தால் ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் கட்டையாகிவிடும், பின்னால் சரக்கு லாரிகள். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் போனை எடுக்கவில்லை. டீ வந்தது, குடித்தேன். எட்டு நாளாக ஓடுகிறதே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பிறகு போன் செய்தேன். சகலைதான் எடுத்தார். ஷிர்வலில் டீக்கு நிறுத்தியிருக்கிறோம், இதோ கிளம்புகிறோம் என்றார். பின்னால் என் மகள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. மாமாவும் அங்கேதானே நிற்பார் என்ற நினைப்பும் கூடவே வந்தது. "சும்மாதான் பண்ணேன், பாத்துப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வாழ்நாளில் நான் மிகவும் வெட்கப்படுகிற நேரம் அது. அந்த போனை வைத்ததற்கும் அடுத்த போனுக்கும் நடுவில் கால் மணி நேரம். வேறொரு வண்டிக்கு ஆயில் ஃபில்டர் மாட்டிக்கொண்டிருந்தேன், ஃபில்டர் நழுவிக் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல் போனை எடுத்தேன். இந்தத் தடவை பேசியது மகள்.

"பப்பா, சித்தப்பா காடி ஓட்றாங்க. இன்னா வேணும்?"

"காட் ஆரம்பிச்சிட்சா?"

"போர்டு தெரியுது. இன்னும் மேல போகல."

"சித்தப்பாகிட்ட சொல்லு, சர்க்யூட்தானாம்னு."

"க்யா?"

"சர்க்யூட். அவுரு கேட்டது கரெக்ட்டு. சர்க்யூட்தான்னு சொல்லு. இப்பவே ஓரம் கட்டச் சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். காரில் மற்ற யாருக்கும் அது விளங்கியிருக்காது. மறுமுனையில் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி வரவில்லை. இண்டிகேட்டர் போடும் சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டோரம் ஒரு தாபா, அதன் வாசலுக்கு ஏறுகிற சின்ன மேட்டில் சகலை காரைத் திருப்பினார். அந்த மேட்டிலேயே எஞ்சின் நின்றுவிட்டது. மகள்தான் சொன்னாள், "பப்பா, பந்த் ஹோ கயா" என்று. நான் மீட்டரையும் சால்டரையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

பைக்கில் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. தாபா கயிற்றுக் கட்டிலில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார், பெண்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சகலை பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தொடாமல் காத்திருந்தார். ரெகுலேட்டரிலிருந்து சாக்கெட்டைக் கழற்றி, மீட்டரைச் சத்தம் போடுகிற நிலையில் வைத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். கம்ப்யூட்டர் பக்கம் அவர் பிடித்துக்கொண்டார், ரெகுலேட்டர் பக்கம் நான். பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது, வயர் ஒட்டியிருக்கிறது. இன்னொரு கையால் எஞ்சினுக்குப் பின்னால் வயர் போகிற வழியெல்லாம் அழுத்தி ஆட்டிக்கொண்டே போனேன். ஒரு இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் கை போனதும் சத்தம் அறுந்தது. "நின்னுருச்சுங்க" என்றார் சகலை. அவ்வளவுதான் சொன்னார். தாங்கியின் விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் போய், உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றிரண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் பின்னுக்குச் சாயும்போது இழுபட்டு விலகும், சமதளத்துக்கு வந்தாலோ எஞ்சின் நின்று அசைவு அடங்கினாலோ மறுபடி ஒட்டிக்கொள்ளும். நான் ரெகுலேட்டரை மாற்றியபோது வயர் கொஞ்சம் அசைந்து எட்டு நாள் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்டி, முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்றி, தாங்கியைத் தொடாதபடி கட்டினேன். அந்த முக்கால் மணி நேரமும் நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் ஒரு வார்த்தை கேட்பார் என்று. அன்னைக்கே கேட்டேனே என்று. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் மீட்டர் முனையைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

மாமா தூக்கம் கலைந்து வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார். "சகலை அன்னைக்கே சொன்னாருங்க மாமா, வயர்ல சந்தேகமா இருக்குது, இன்னும் ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்கனு. நான்தானுங்க அவசரப்பட்டு எடுத்துட்டு வந்துட்டேன்." மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிம்ப்ரில குந்திகினே கண்டுபுட்ச்சிட்டியா?" என்றார். நான் கையில் ஒட்டியிருந்த டேப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது என்னவென்றால், இதிலும் ஜெயித்துவிட்டான் என்பதுதான். பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிற பெரிய மனசுகூட அவனுக்குத்தான் இருக்கிறது, எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுப் படி ஏறினேன். "வாங்க மாப்ள" என்று குரல் கேட்டது. சகலை பின்னால் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மாமா என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். ஈரல் என் தட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருபது கோஸ், அதாவது நாற்பது மைல், தூரத்திலிருந்து சத்தம்கூடக் கேட்காமல் பழுதைச் சொன்ன ஆள் என்று ஹிந்தியில் அளந்துவிட்டார். எத்தனை வருடமாக இதற்கு ஏங்கினேன்! வந்தபோது ஈரலைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தேன். அம்மாவின் தம்பி என்னை யாரோ வெளியாள் மாதிரி உட்காரவைத்து உபசரிக்கிறார். நாலு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு "ங்க"வையும் சகலை கேட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் தலையைக் குனிந்து சாப்பிடுவார். அவர் கொடுத்த பிச்சையை அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்கிறேன் என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். யோசித்துப் பார்த்தால் அந்த நாலு மாதம்தான் அவர் மேல் எனக்கு வெறுப்பு உச்சத்தில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தன் பழைய டெப்போ நண்பர் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தட்டில் கை வைத்ததுமே அந்தக் கதையை ஆரம்பித்தார். இருபது கோஸ் இப்போது முப்பது ஆகியிருந்தது. என்னால் முடியவில்லை. "மாமா, அது அப்டி இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சகலை கேட்ட கேள்வி, நான் அடித்த கிண்டல், பார்க்காமல் விட்ட வயர், அளந்த ரெகுலேட்டர், முதல் போனில் சொல்லாமல் வைத்தது வரைக்கும். என் மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

மாமாவுக்கு முகம் கறுத்தது. "இன்னாடா சொல்ற நீ? எங்க உசுரு, உம் பொண்ணு உசுரு, அத்தினியும் வண்டில ஏத்தி அனுப்சிட்டு அங்க குந்தி டீ குடிச்சிகினு இருந்தியாடா? அறிவு கீதாடா உனுக்கு? உங்கம்மா இருந்திருந்தா செருப்பால அட்ச்சிருப்பாடா உன்ன!" நண்பர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் டா. நான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கிவிட்டு அவர் சகலை பக்கம் திரும்பினார். குரல் தானாக இறங்கியது. "நீங்களும் சேந்துகினு எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்களே மாப்ள."

"தப்புதானுங்க மாமா. திட்டறதுனா என்னையுந் திட்டுங்க" என்றார் சகலை.

"சேச்சே, உங்களப் போயி. வுடுங்க மாப்ள, நீங்க சாப்டுங்க." என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். நான் மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். சகலை சாப்பிடவில்லை. மாமாவின் வாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தில் இருந்தது என்னவென்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அதே வயிற்றெரிச்சலை நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சுமந்திருக்கிறேன். சின்னப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். மாமா திட்டிக்கொண்டே இருந்தார், நான் அத்தையிடம் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.